ஒரு ஆர்க்கிட்டும் ஒரு மீசையும்

அந்தத் தெரு அவளுக்கு வைத்த பெயர் கத்திக்காரி. வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். ஆண்களுக்கு முடி வெட்டும் கடையில், கணவர் நின்ற இடத்தில், கணவருடைய சவரக்கத்தியை எடுத்துக்கொண்டு ஒரு பெண் நின்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெயர் காதில் விழுந்த மறுநாளே அவள் போர்டு எழுதுபவரைக் கூப்பிட்டு, கடைக் கண்ணாடியில் 'கத்திக்காரி சலூன்' என்று சிவப்பில் எழுதச் சொன்னாள். அவர் தயங்கினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அப்புறம் அழிக்கிறது கஷ்டம்" என்றார். "அழிக்கிறதுக்கா எழுதச் சொல்றேன்? பெருசா எழுதுங்க" என்றாள். அதோடு அந்தப் பெயரில் இருந்த கேலி பாதி செத்துப்போனது. மீதிப் பாதி இருந்தது.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமனார் தன் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து விட்டுப்போன கட்டடம் அது. தெருவைப் பார்த்த இரண்டு அறைகள், நடுவில் ஒரு சுவர். மூத்தவர், அதாவது கத்திக்காரியின் கணவர், இடது அறையில் சலூன் வைத்தார். இளையவன், அவளுடைய கொழுந்தன், வலது அறையில் செல்போன் உறையும் சார்ஜரும் விற்றான், உடைந்த போனை ஒட்டவைத்தும் கொடுத்தான். சலூனில் ஒரே ஒரு சுழல் நாற்காலி. அது காலியாக இருந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. ஒருவர் எழுந்ததும் கணவர் துணியை ஓர் உதறு உதறிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடுத்தது யாரு?" என்பார். பெஞ்சில் இருந்து யாராவது எழுந்து வருவார்கள். அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு இருக்கும். துவைத்த துவாலைகளைக் கொடுக்க வந்து நிற்கும்போதெல்லாம் அவள் அதைக் கவனித்திருக்கிறாள்.

பிறகு ஒருநாள் காலையில் அவருடைய வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மருத்துவமனை, மருந்து, ரப்பர் பந்தைப் பிடித்து அமுக்கும் பயிற்சி எல்லாம் ஆயிற்று. கை தோள்வரை உயர்ந்தது. விரல்கள் மட்டும் எதையும் பிடித்து நிறுத்த மறுத்தன. சவரக்கத்திக்கு விரல்தானே எல்லாம்?

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெண்கள் பார்லரில் உதவிக்கு இருந்தவள். கத்தரி அவளுக்குப் புதிதில்லை. கத்திதான் புதிது. பலூனை ஊதி, அதன்மேல் நுரை தடவி, வெடிக்காமல் மழித்துப் பழகினாள். முதல் வாரம் வீட்டில் வெடிச்சத்தம் ஓயவில்லை. மாடி வீட்டுப் பெண்மணி வந்து, "என்ன, வீட்ல விசேஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சத்தம் நின்ற அன்று அவள் கடையின் ஷட்டரைத் தூக்கினாள்.

குழந்தைகள் வந்தார்கள். அம்மாக்கள் அழைத்துவந்தார்கள். பெரிய ஆண்கள் வாசல்வரை வந்து, உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, ஏதோ மறந்துபோனவர்கள் போல நெற்றியைத் தட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். எதிரே இன்னொரு சலூன் இருந்தது. அவர்கள் போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வயிற்றெரிச்சல் வேறொன்று. கணவரும் அங்கேதான் போனார்.

ஆமாம். தினமும் அவளோடு கடைக்கு வருவார், பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார், சவரம் செய்துகொள்ள மட்டும் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போவார். போகும்போது தலையைக் குனிந்துகொள்வார், வரும்போது முகம் பளபளவென்றிருக்கும். தெருவே பார்க்கும். "கட்டின புருஷனே கழுத்தைக் காட்ட மாட்டேங்கிறாரு, நாம எதுக்குக் காட்டணும்?" என்று தையல்காரர் டீக்கடையில் சொன்னது அன்றைக்கே அவள் காதுக்கு வந்துவிட்டது. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் அவளை இன்னும் எரித்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் கொழுந்தன் வந்து வாசலில் சாய்ந்து நின்றான். அவனிடம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு மீசை இருந்தது. இரண்டு பக்கமும் முறுக்கி மேலே ஏற்றிய மீசை. யோசிக்கும்போது வலது முனையைத் திருகுவான். யோசிக்காதபோது இடது முனையைத் திருகுவான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியது ஏதோ பின்னால் வருகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "இந்த ரூம் சும்மாவே கிடக்குது. நடுச்சுவத்தை எடுத்துட்டேன்னா எனக்கு ஒரு நல்ல கடையா ஆயிடும். உங்க ரெண்டு பேரையும் நான் பார்த்துக்க மாட்டேனா? அண்ணனும் வீட்ல நிம்மதியா இருப்பாரு."

"சும்மா கிடக்கலயே. நான் நிக்கிறேன்."

"நீங்க நிக்கிறீங்க அண்ணி. யாராவது உக்கார்றாங்களா?"

பையனுக்கு முடி வெட்ட அழைத்துவந்திருந்த தையல்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கொடுக்க வந்த தபாலைக் கொடுத்த பிறகும் கிளம்பாமல் நின்ற தபால்காரர் இருமினார். கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

கொழுந்தனின் கண் ஜன்னலோரம் போனது. அங்கே ஒரு ஆர்க்கிட் செடி இருந்தது. இருந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கடைக்குப் புதுக் கண்ணாடி போட்டபோது கண்ணாடிக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தது. வந்தபோது வெள்ளைப் பூக்கள் வரிசையாக, பார்ப்பவர்கள் பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்க்கும்படி இருந்தது. பூ உதிர்ந்த நாளோடு அதைக் கைகழுவிவிட்டார்கள். அதன்பிறகு அது கடையின் குப்பைத் தொட்டிக்குத் தங்கச்சி. ஆறிப்போன டீயை அதில் ஊற்றினார்கள். சவரக் கிண்ணத்தின் சோப்புத் தண்ணீரும் அதற்குத்தான். இலைகள் தோல் சுருங்கித் தொங்கின. இலைமேல் பவுடரும் வெட்டிய முடித்துணுக்கும் படிந்து, செடிக்கே தாடி வளர்ந்தது போலிருந்தது.

"இதைப் பாருங்க" என்று கொழுந்தன் ஓர் இலையைச் சுண்டினான். "இதுவும் உங்க கடை மாதிரிதான். உசுரு போய் ரொம்ப நாளாச்சு. தூக்கிப் போட மனசு வரல, அவ்வளவுதான். இது பூக்கட்டும் அண்ணி, நான் என் மீசையை எடுத்துடறேன்."

தையல்காரர் சிரித்துவிட்டார். தபால்காரரும் சிரித்தார். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும்.

உண்மையைச் சொன்னால், அன்றுவரை அவளும் அந்தச் செடியை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதில் சோப்புத் தண்ணீர் ஊற்றியவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் செத்தது என்று அவன் சொன்ன விதம் இருக்கிறதே, அது அவளுக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"நீ எடுக்க வேணாம் தம்பி, நான் எடுக்கிறேன். இந்த நாற்காலியில வந்து உக்காரு, இந்தக் கையால எடுக்கிறேன். செடி செத்துப் போச்சுன்னா நீ தாராளமா சுவத்தை இடிச்சுக்கோ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பூத்துச்சுன்னா உன் மீசை எனக்கு. அதுக்கப்புறம் சுவத்தைப் பத்தி நீ பேசக் கூடாது."

கொழுந்தன் செடியை இன்னொரு தரம் பார்த்தான். பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. "சரி அண்ணி" என்றான். "இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

செய்தித்தாள் ஒரு விரற்கடை இறங்கியது. கணவரின் கண்கள் தெரிந்தன. பிறகு தாள் பழையபடி ஏறிக்கொண்டது.

மறுநாள் அவள் செடியைத் தூக்கிக்கொண்டு செடிக்கடைக்காரரிடம் போனாள். அவர் பார்த்ததும், "புதுசு ஒண்ணு வாங்கிக்குங்கம்மா" என்றார். "புதுசு பூத்தா அது உங்க சாமர்த்தியம். எனக்கு இதுதான் பூக்கணும்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தொட்டியைத் திருப்பிப் பார்த்தார். பளபளப்பான பீங்கான் தொட்டி, அடியில் ஓட்டையே இல்லை. ஊற்றியதெல்லாம் உள்ளேயே நின்று வேர் அழுகியிருக்கிறது. இந்தச் செடி மண்ணில் வளர்வது இல்லை, மரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் வேரை விட்டு வாழ்வது, வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும் என்றார். அழுகினதை வெட்ட வேண்டும், வெட்டின இடம் காற்றில் காய வேண்டும், பிறகு மரப்பட்டையிலும் கரியிலும் நட வேண்டும், நேர் வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். "பிழைச்சாலும் பூக்க ரொம்ப நாளாகும்மா" என்றும் சொன்னார். "எங்கே போகப்போறேன்" என்றாள்.

கடைக்கு வந்து, கண்ணாடிக்கு முன்னால் ஒரு துவாலையை விரித்து, செடியைக் கிடத்தினாள். வேர்க்கட்டை அவிழ்த்ததும் சகிக்க முடியாத நாற்றம் எழுந்தது. பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு பந்து. ஒவ்வொரு வேராக விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுகிய வேரின் மேல்தோல் உருவிக்கொண்டு வந்தது, உள்ளே முடி போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. நடுவில் சில வேர்கள் மட்டும் அழுத்தினால் கெட்டியாக இருந்தன. அந்த நல்ல வேர்களின் மேலேயே அழுகியது ஒட்டிக்கொண்டிருந்தது. புது பிளேடு ஒன்றைக் கத்தியில் மாட்டி, மருந்துத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, வெட்ட ஆரம்பித்தாள்.

"கத்தியைப் படுக்க வை."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கணவர் எப்போது பெஞ்சிலிருந்து எழுந்து பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது. கத்தியைப் படுக்க வைத்தாள். அழுகியது வழுக்கிக்கொண்டு வந்தது, நல்ல வேரில் கீறல் விழவில்லை.

"இழுக்காத. அது தானா போகும்."

வேலை முடிகிறவரை அவர் அங்கேயே நின்றார். கை போன நாளிலிருந்து அவர் அவ்வளவு நேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்றதில்லை. முடிந்ததும், "வெட்டின இடத்துல படிகாரம் வை. கசிவு நின்னுடும்" என்றார்.

காற்றில் காய வேண்டும் என்று செடிக்கடைக்காரர் சொன்னது அவளுக்கு நினைவில் இருந்தது. ஆனால் கத்தி விஷயத்தில் இத்தனை வருஷம் கணவர் சொன்னது தப்பியதில்லை. படிகாரக்கட்டியை நனைத்து, சவரத்தில் கீறல் விழுந்த கன்னத்துக்குத் தடவுகிற மாதிரி, ஒவ்வொரு வேர் நுனியிலும் அழுத்தித் தேய்த்தாள். சவரக்கடையைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது. அந்த வாரமே வேர்கள் நுனியிலிருந்து கருத்துச் சுருங்கின. மிஞ்சியிருந்த நல்ல வேர்களில் ஒன்றே ஒன்று தப்பியது. செடிக்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "படிகாரத்தையா தேய்ச்சீங்க? செடியையே உறிஞ்சி எடுத்துடுச்சேம்மா" என்றார்.

அவள் கடைக்கு வந்து பொரிந்து தள்ளிவிட்டாள். "வேர்னா என்ன, மழிச்ச தாடையா? படிகாரம் வைக்கச் சொல்றீங்க. கெட்டிக்காரத்தனமா நானும் வெச்சேன். இனிமே இந்தச் செடி விஷயத்துல நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்கும் வரவில்லை. அவளுக்கு உள்ளூர உதைத்தது, சொன்னது அதிகமோ என்று. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கருத்த நுனிகளை மறுபடி நறுக்கிவிட்டு, இந்தத் தடவை எதையும் தடவாமல், செடியைத் தலைகீழாகத் துவாலைக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். வந்தவர்கள் எல்லோரும் "என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டார்கள்.

மாலையில் கணவர் வந்தார். இடது கையில் ஒரு பை தொங்கியது. அதைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். உள்ளே மரப்பட்டைத் துண்டுகளும் கரியும். செடிக்கடை அங்கிருந்து பக்கமில்லை, நடந்துதான் போய் வந்திருக்கிறார், சட்டையெல்லாம் வேர்வை. "கரியைக் கழுவிட்டுப் போடணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர்களுடைய குடும்பத்தில் மன்னிப்புக் கேட்பது என்பது அதுதான். அவள் கரியைக் கழுவினாள்.

ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டியை வெளியே வைத்துவிட்டாள். முடிக்குத் தடவும் ஜெல் வந்த, கண்ணாடி போல உள்ளே தெரியும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று காலியாக இருந்தது. வேருக்கு வெளிச்சமும் போகும், வேரின் நிறமும் வெளியே தெரியும். ஓட்டை போட வேண்டுமே. சுவருக்கு அந்தப் பக்கம் போய், கொழுந்தன் போன் ஒட்டவைக்கும் சூட்டுக்கோலைக் கேட்டாள்.

"எதுக்கு அண்ணி?"

"உன் மீசைக்குத்தான்."

அவன் பெரிய மனசோடு கொடுத்தான். டப்பாவின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டைகள் விழுந்தன, மரப்பட்டையும் கரியும் போட்டுச் செடி அதில் ஏறியது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் பொறுமையைச் சோதிக்கிற வேலை. தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் காலையில் லேசாகத் தெளிப்பாள். இலைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகிவிடும் என்பதால், கஸ்டமர் கழுத்தில் சுற்றும் காகிதப் பட்டையைத் திரித்து, நுனியால் ஒற்றி எடுப்பாள். டப்பாவுக்குள் வேர் வெள்ளி நிறமாகத் தெரிந்தால் தண்ணீர், பச்சையாகத் தெரிந்தால் தொடமாட்டாள். டீ ஊற்ற வந்த ஒருவரின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிவிட்டாள். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிய தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள்.

கொழுந்தன் தினமும் ஒரு நடை வந்தான். "என்ன அண்ணி, போயிடுச்சா?" என்பான். "உள்ளே வந்து சொல்லு, மீசை அளவு எடுத்துக்கிறேன்" என்பாள். அவன் சுவரை இடிக்க ஆளைக்கூடப் பேசி வைத்திருந்தான். பழைய இலைகளில் ஒன்று மஞ்சளாகி விழுந்த அன்று, அந்த ஆள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அன்று அவளுக்குத் தைரியம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. கடை போய்விட்டால் வீட்டில் என்ன செய்வாள்? கொழுந்தன் பார்த்துக்கொள்வான், நன்றாகவே பார்த்துக்கொள்வான், அதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. யாராவது பார்த்துக்கொள்ள வேண்டிய பொருளாக ஆகிவிடுவதற்கா அத்தனை பலூனை உடைத்தாள்?

ஆனால் ஒன்றைக் கொழுந்தன் எதிர்பார்க்கவில்லை. பந்தயம் தெருவில் பரவிவிட்டது. செடி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்த்தார்கள். முதலில் ஒரு வேன் ஓட்டுநர், "வந்தது வந்துட்டேன், பின்னாடி மட்டும் கொஞ்சம் எடுத்து விடுங்கக்கா" என்றார். பின்னாடி மட்டும் எடுத்துவிட்டு முன்னாடியை விட முடியுமா? பிறகு தபால்காரர். பிறகு, தன் மகனுக்கு வெட்டியதை ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்த்த தையல்காரர். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தார்கள். சவரம் என்றால் மட்டும் எழுந்துவிடுவார்கள். "எதிர்ல பண்ணிக்கிறேன், நேரமாச்சு" என்பார்கள். எதிரே போக நேரமிருந்தது.

ஒருநாள் கணவரும் எதிர்க்கடைக்குப் போக எழுந்தார். அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"ஒண்ணு கேக்கிறேன், சொல்லிட்டுப் போங்க. என் கத்தி மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் கத்தில ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் என்ன?"

அவர் நாற்காலியைப் பார்த்தார். "அது என் நாற்காலி. அதுக்குப் பின்னாடி நின்னவன் நான். அதுல உக்காந்துட்டா நான் கஸ்டமர். அப்புறம் இந்தக் கடையில எனக்கு வேற என்ன இருக்கு?"

அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததாலேயே கோபமும் வந்தது. "இப்ப மட்டும் என்ன இருக்கு? பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்கிறவர் முதலாளியா? நீங்க ஒவ்வொரு தடவை அந்தத் தெருவைத் தாண்டும்போதும், உங்க தம்பிக்குச் சுவத்துல ஒரு செங்கல்லை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

அவர் வாசல்வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். அன்று எதிர்க்கடைக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. கடை நாற்காலியிலும் அவர் உட்காரவில்லை. தாடி வளர ஆரம்பித்தது. ஜன்னலில் செடி, பெஞ்சில் தாடி, தெரு இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மழை தொடங்கியபோது புது வேர் ஒன்று பச்சை நுனியோடு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. நடுவிலிருந்து ஒரு குட்டி இலை வந்தது, கசங்காமல், மழமழவென்று. கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு, "இலை பூ இல்லையே அண்ணி" என்றான். குரலில் பழைய தெம்பு இல்லை. குளிர் வந்தபோது இலையின் அடியில் மறுபடி ஏதோ முளைத்தது. "இன்னொரு வேர்" என்றார் கணவர், செடி விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்ற தடையை மறந்து. அவள் குனிந்து பார்த்தாள். வேரின் நுனி உருண்டையாக இருக்கும். இது சின்னக் குழந்தை விரலை மடக்கியது போல இருந்தது. வேர் என்றால் கீழே தேடிப் போகும், இது வெளிச்சத்தைப் பார்த்து நிமிர்ந்தது. தொடப் போன விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பூத்தண்டுங்க" என்றாள்.

தண்டு நீண்டு சாய ஆரம்பித்ததும், பின்பக்கம் வால் போல நீண்ட சீப்பு ஒன்றைத் தலைகீழாக மரப்பட்டைக்குள் செருகினாள். தண்டைச் சீப்போடு சேர்த்துப் பிடிக்க ஒரு கை, கிளிப் மாட்ட இரண்டு கை வேண்டியிருந்தது. கணவர் எழுந்து வந்து இடது கையால் தண்டைப் பிடித்தார். மூச்சுக்கூட விடாமல் பிடித்தார். அவள் முடி கிளிப்பை மாட்டினாள்.

மொட்டுகள் கட்டின. ஒருநாள் நுனி மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தது. கொழுந்தனுக்கு யார் சொன்னார்களோ, ஓடி வந்தான். "ஒண்ணு போச்சு" என்றான். அவள் ஜன்னலோரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாக்கள் எல்லாம் செடிக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருந்தன. அங்கே நின்றுதான் எல்லோர் தலைக்கும் அடித்துக்கொண்டிருந்தாள். அத்தனையையும் வாரிக் கடையின் மறுகோடியில் வைத்தாள். "ஸ்ப்ரே வேணும்னா வெளியில நின்னு அடிச்சுக்குங்க" என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மற்ற மொட்டுகள் நின்றன.

பூத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷட்டரைத் தூக்கியபோது ஒரே ஒரு பூ, வெள்ளையாக, தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போ."

அவன் வருவதற்குள் தெரு வந்துவிட்டது. தையல்காரர், தபால்காரர், வேன் ஓட்டுநர், டீக்கடையில் இருந்தவர்கள், ஏன், எதிர்க்கடைக்காரர்கூடக் கையில் சீப்போடு வாசலில் வந்து நின்றார். கொழுந்தன் வந்து பூவைப் பார்த்தான். தொட்டுப் பார்த்தான். பிளாஸ்டிக் இல்லை. மீசையின் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, சுவத்துப் பேச்சை நான் விட்டுட்டேன். எப்பவோ விட்டுட்டேன். ஆனா மீசை... அது விளையாட்டுக்குச் சொன்னது. நீங்களே சொல்லுங்க, உங்க கையில யாரு சவரம் பண்ணிக்கிறாங்க? ஒருத்தர் உக்காந்திருக்காரா? முதல் ஆளா நான்தான் கிடைச்சேனா?"

வாசலில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அவன் சொன்னது அத்தனை பேருக்கும் தெரிந்த உண்மை. அவள் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர் நின்றது, பூவும் பூத்தது, ஆனாலும் சவரத்துக்கென்று அந்த நாற்காலியில் இன்னும் ஒருவரும் உட்காரவில்லை.

பெஞ்சில் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. கணவர் அதை ஒற்றைக் கையால் மெதுவாக மடித்து வைத்துவிட்டு எழுந்தார். மார்பைத் தொடும் தாடி. நாற்காலிக்குப் பின்னால் வந்து, அதன் தலையணையை இடது கையால் ஒரு முறை தடவினார். பிறகு சுற்றி முன்னால் வந்து, உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தார்.

"அவன் இருக்கட்டும்" என்றார். "நான்தான் முதல்ல."

அவள் துணியைப் போர்த்தினாள். தாடியைக் கத்தரியால் குறைத்தாள், நுரை போட்டாள், புது பிளேடு மாட்டினாள். தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கத்தியைப் படுக்க வைத்தாள். கன்னம், தாடை, பிறகு தொண்டைக்குழி. அவர் கண்ணை மூடியிருந்தார். படுக்க வை என்று சொல்லவில்லை, இழுக்காதே என்று சொல்லவில்லை, முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுமே சொல்லவில்லை. அவளுக்கு அது போதும்.

முகத்தைத் துடைத்துவிட்டு, "படிகாரம் வைக்கவா?" என்று கேட்டாள்.

அவர் இடது கையால் தாடையை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை தடவிப் பார்த்தார். அவர் தொழில் செய்தவர், எங்கே தடவ வேண்டுமோ அங்கெல்லாம் தடவினார். "எதுக்கு?" என்றார், வாசல்வரை கேட்கும்படி. "கீறலே இல்லையே."

எழுந்து பெஞ்சுக்குப் போகாமல், நாற்காலிக்குப் பக்கத்தில், கத்திகள் வைத்த மேசையை ஒட்டி நின்றுகொண்டார். கொழுந்தன் ஓர் அடி பின்வாங்கினான். பின்னால் தெரு அடைத்துக்கொண்டு நின்றது.

அவள் துணியை எடுத்து ஓர் உதறு உதறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்தது யாரு?"